சொந்தத்தில் ஒரு பை

மூத்திரப்பையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், எங்கள் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி, "வேற எதாச்சும் எழுதக் கூடாதுங்களா டீச்சர்?" என்றாள். இதயத்துக்கு ஏதாவது வந்தால் ஊரே கூடி விசாரிக்கும். மூளைக்கு வந்தால் பயந்துகொண்டே விசாரிக்கும். கீழே வந்தால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்லபடியாகத் தேறிவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிச்சல் மட்டும் இன்னும் தேறவில்லை.

தொண்ணூற்றேழில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மலைமேல், வளப்பூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. முதலில் எரிச்சல், பிறகு அடிக்கடி போக வேண்டிய அவசரம், பிறகு அரைமணிக்கு ஒருதரம். பள்ளியில் கழிப்பறை என்று ஒரு கட்டடம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொல்லிவிட்டு மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குப் பின்னால் ஓடுவேன். ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அந்த இரண்டு வருடம் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்ததற்கு என் வியாதிதான் காரணம்.

டாக்டரிடம் போவதே பெரிய பாடு. நாமக்கல்லுக்கு இறங்கும் பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து போகும். ஆண்கள் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பஸ் நிற்கும். இறங்கிப் போய்விட்டு, பீடியும் பற்றவைத்துக்கொண்டு வந்து ஏறுவார்கள். ஒரு பெண் எழுந்து நின்று அதைக் கேட்க முடியுமா? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, துண்டை மடித்து வைத்துக்கொண்டு ஏறினாலும் முப்பதாவது வளைவில் என் கண் இருட்டிவிடும். அதனால் நாமக்கல்லை விட்டுவிட்டு, மலையின் மறுபக்கம் துறையூர் டாக்டரிடம் போகக் காட்டு வழியாக அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு நடந்தே இறங்கினேன். முழங்கால் கழன்று போகிற இறக்கம். ஆனால் வழியெல்லாம் மரம்.

சூடு என்றார் ஒரு டாக்டர். கிருமி என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். கல் இருக்கும் என்று ஸ்கேன் எடுத்து, கல் இல்லை என்றதும் மனசுதான் காரணம் என்றார் மூன்றாமவர். ஊரில் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லாதவர்களே கிடையாது. நான் குடித்த சாற்றுக்கு ஒரு தோப்பு வாழை போயிருக்கும். சாறு குடித்தால் இன்னும் இரண்டு முறை அதிகமாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான் பலன்.

இதற்கு நடுவில் என் நாத்தனார் அலமேலுவின் வீட்டில் காதுகுத்து. அலமேலு என் கணவரின் தங்கை. நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறாள். மனதில் பட்டதை வாயில் வடிகட்டாமல் பேசுகிறவள். பந்தியில் உட்காரப் போன என்னைப் பார்த்து, "நங்கை, நீங்க கடைசீலெ உக்காருங்க, நாத்தம் அடிக்குது" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், நான் சொன்னதை முழுக்கக் கேட்ட முதல் ஆள், "வீட்டுல யாருக்காச்சும் டி.பி. இருந்துச்சுங்களா?" என்றார். என் மாமனாருக்கு இருந்தது. மூன்று நாள் காலையில் முதலில் போகும் மூத்திரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். கிருமி இருந்தது. காசநோய் நெஞ்சுக்குத்தான் வரும் என்று நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். கிட்னியில் உட்கார்ந்து, அங்கிருந்து வழிந்து பையைத் தின்னும் என்று பாடப் புத்தகத்தில் இல்லை.

மாத்திரை ஆரம்பித்தார்கள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. அதைப் பார்த்து நான் பயந்து அழுதபோதுதான், அது மாத்திரையின் நிறம் என்று சொன்னார்கள். முன்பே சொல்லியிருக்கலாம். மாதங்கள் போயின, கிருமி செத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அரைமணிக்கு ஒருதரம் என்பது கால்மணிக்கு ஒருதரம் ஆனது.

புண் ஆறினதுதான் காரணம் என்றார்கள். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுத்துக்கொள்கிறதே, அதுபோல உள்ளே பை சுருங்கிவிட்டது. குழாய் வைத்து உள்ளே தண்ணீர் ஏற்றி, "தாங்க முடியாதப்ப சொல்லுங்கம்மா" என்று அளந்து பார்த்தார்கள். டீக்கடை கிளாஸில் பாதிதான் பிடித்தது. சாதாரணமாக இதைப்போல எட்டு மடங்கு பிடிக்க வேண்டுமாம். இடம் இல்லாததால் மூத்திரம் மேலே திரும்பி கிட்னிக்கே போகிறது, இப்படியே விட்டால் இரண்டு கிட்னியும் கெட்டுப்போகும் என்றார்கள். அதைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனைக்குக் கிரியாட்டினின் என்று பெயர். அந்த எண் ஏறக் கூடாது. எனக்கு ஏறிக்கொண்டிருந்தது. வியாதி குணமாகி அதனாலேயே உறுப்பு போகிறது என்றால் யார்மேல் கோபப்படுவது?

அந்தப் பிரிவின் தலைவி ஒரு பெரிய டாக்டரம்மா. வழவழவென்று பேச மாட்டார். சிறுகுடலில் ஒரு முழம் வெட்டி, விரித்து, பையின் மேல் ஒட்டுப்போட்டுத் தைத்துப் பெரிதாக்கிவிடலாம் என்றார். குடல் குடலாகவேதான் இருக்குமாம், அதனால் உள்ளே சளிபோல ஒன்று சுரந்துகொண்டே இருக்கும். அதைக் கழுவிவிட வேண்டும். தானாகப் போகாவிட்டால் நானே குழாய் விட்டு எடுக்க வேண்டும், ஆயுசுக்கும். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன்.

அவர் போனதும் இளம் டாக்டர்தான் இன்னொரு வழியைப் பற்றிச் சொன்னார். அப்போது செய்தித்தாள்களிலும் வந்திருந்தது. பையிலிருந்து தபால் தலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். அதில் தசைக்கு உரிய செல்லும் உள்பூச்சுக்கு உரிய செல்லும் இருக்கும். இரண்டையும் பிரித்துத் தனித்தனித் தட்டில் உணவு ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து வளர்ப்பார்கள். போதுமான அளவு பெருகியதும், கொஞ்ச நாளில் தானே கரைந்துவிடும் பொருளால் பை வடிவத்தில் ஓர் அச்சு செய்து, வெளியே தசையையும் உள்ளே பூச்சையும் படியவிடுவார்கள். அச்சு கரையும், பை நிற்கும். அதை எடுத்து உடம்பில் தைத்துவிடுவார்கள். வெளிநாட்டில் நாய்களுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், வேலை செய்கிறது என்றார்.

"நாத்து விட்டுப் பறிச்சு நடற மாதிரிங்களா?" என்று கேட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதேதான் என்றார். சென்னையில் தன்னுடைய பழைய பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் முயன்றுகொண்டிருக்கிறார், உங்கள் துண்டையும் அனுப்பிப் பார்க்கிறேன், ஆனால் இது ஆராய்ச்சிதான், இதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். முதல் பாதி காதில் ஏறியது. இரண்டாவது பாதிக்குக் காதை யார் திறந்து வைத்திருந்தார்கள்?

மருந்து வாங்கப் போயிருந்த என் கணவர் அப்போதுதான் உள்ளே வந்தார். மிளகும் பலாவும் போட்டிருக்கிற விவசாயி. ஆஸ்பத்திரியில் எதுவும் கேட்க மாட்டார், காதில் விழுந்ததை அப்படியே வாங்கிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து டாக்டர் சொன்னார்: "வேற ஆளோடத வெச்சா உடம்பு ஒத்துக்காதும்மா. சொந்தத்துலதான் எடுக்கணும்."

சொந்தம் என்றால் தன்னுடையது என்று அந்த டாக்டருக்கு. எனக்கும் அப்படித்தான் புரிந்தது. ஆனால் எங்கள் பக்கம் "சொந்தத்துல எடுக்கறது" என்று சொல்வது பெண் எடுப்பதற்கு மட்டும்தான். என் கணவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பை சொந்தக்காரர்களிடமிருந்து எடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து என்னிடமிருந்து துண்டு வெட்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியபோது, யாருடையது பொருந்தும் என்று பொருத்தம் பார்க்க அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். என்னைக் கலவரப்படுத்த வேண்டாமென்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைக்குப் போய் குண்டனி நாட்டில் இருக்கும் என் அண்ணனிடம் பை தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கூடப் பிறந்த ஆள் அவர் ஒருவர்தானே.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாரம் தவறாமல் சேலத்துக்கு வந்து, எனக்குப் பிடிக்குமென்று மலை வாழைப்பழம் கொண்டுவந்து, வெளி நோயாளிகள் வரிசையில் எனக்காக இடம் பிடித்து நின்ற அண்ணன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார் என்பதுதான். ஒரு நாள் அவர் வீட்டுக்கே போனேன். அண்ணி வாசலில் நின்று, அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அப்படி என்ன செய்துவிட்டேன் என்று வழி முழுக்க யோசித்தேன். கடைசியில் நாற்றத்துக்குத்தான் ஒதுக்குகிறார் என்று முடிவு கட்டினேன்.

சென்னையிலிருந்து தகவல் வருமென்று நான் காத்திருந்தேன். போகும்போதெல்லாம் இளம் டாக்டரிடம் கேட்பேன். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்பார். பெரிய டாக்டரம்மா என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு முறையும் திட்டினார். "அது வளர்றப்ப வளரட்டும். உன் கிட்னி வளராது, தெரியுமா?" என்றார். அந்தம்மாவைப் பிடிக்காததால் அவர் சொன்ன நியாயமும் எனக்குப் பிடிக்கவில்லை. என் உடம்பில் ஒரு துண்டு எங்கோ ஒரு தட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது, அது வந்து சேர்ந்துவிட்டால் குடலும் வேண்டாம், குழாயும் வேண்டாம், பிள்ளைகளுக்கு முன்னால் முழுசாக ஒரு மணிநேரம் நின்று பாடம் நடத்தலாம் என்ற ஒரே நினைப்பு.

ஒரு நாள் குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தேன். கிட்னியில் சீழ். சேலத்தில் சேர்த்து, முதுகு வழியாகக் கிட்னிக்குள் குழாய் வைத்தார்கள். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அந்த நிலைமையில் ஒரு காலையில் வார்டு வாசலில் அலமேலு நின்றாள். தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, துணிப்பை ஒன்றை இடுக்கிக்கொண்டு நின்றாள். பேச்சில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்னத்துக்கு வந்த?" என்றேன். மரியாதையாகக் கேட்கிற உடல்நிலையில் நான் இல்லை.

"பை எடுக்கோணும்னு அண்ணன் சொல்லுச்சுங்க. உங்க அண்ணன் ஒத்துக்கலியாமா. நேத்து ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலீங்க, வெறும் வயிறாத்தான் வந்திருக்கறேன். எனக்கு ஒண்ணுக்கெல்லாம் நல்லா போகுது நங்கை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளைக் கேட்டு, பிறகு என் கணவரை அருகே கூப்பிட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகுக் குழாய் இழுத்து உயிர் போனது. உடனே அழுகையும் வந்தது. நல்ல பையை ஒருவரிடமிருந்து எடுத்துவிட்டால் அவர் எதில் மூத்திரம் போவார் என்று கூடவா இந்த மனிதர் யோசிக்கவில்லை என்று ஆத்திரம். அண்ணன்மேல் அதைவிடப் பெரிய ஆத்திரம். கேட்டது தப்பாகவே இருக்கட்டும், தங்கைக்கு வேண்டும் என்று நம்பிய பிறகும் ஒளிந்துகொண்டாரே.

அலமேலுவிடம் விளக்கினேன். யாரும் எதுவும் தர வேண்டாம், என்னிடமிருந்தே எடுத்து வளர்க்கிறார்கள் என்றேன். அவள் முகத்தில் நிம்மதி பரவியதைப் பார்த்தேன். பிறகு, "எப்பங்க எடுத்தாங்க?" என்றாள். சொன்னேன். "இத்தன மாசமா வளருதுங்களா? அது வர்றதுக்குள்ள நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அலமேலு அப்படித்தான். அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வாரமே சென்னையிலிருந்து தகவல் வந்துவிட்டது. இளம் டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தசைச் செல் பெருகவில்லை. உள்பூச்சு கொஞ்சம் வளர்ந்து நின்றுவிட்டது. தட்டு முழுக்கப் படர்ந்தது தழும்புச் செல் மட்டும்தான். நோய் தின்ற பையில் நல்ல விதை மிச்சமில்லை என்றார். உடம்புக்குள்ளே பையைக் கெடுத்த அதே தழும்பு, வெளியேயும் போய்ச் செழிப்பாக வளர்ந்திருக்கிறது. சொந்தத்தை நம்பினால் இப்படித்தான் என்று அவரிடம் கத்தினேன். அவர் நின்று வாங்கிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, எனக்குக் கத்த வேறு ஆள் கிடைக்கவில்லை.

குடல் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். அதற்கு ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது ரத்த வங்கிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கணவர் கொடுத்தார். அலமேலுவும் போனாள். பரிசோதித்துவிட்டு, உங்களுக்கே ரத்தம் போதாதும்மா, கீரை சாப்பிடுங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "பையே குடுக்கறேன்னு வந்தவகிட்ட ரத்தம் பத்தாதுங்கறாங்க" என்று அவள் வார்டு முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றிலும் கீழேயும் மூக்கிலும் குழாய்கள். குடலை வெட்டித் தைத்ததால் குடல் சத்தம் கேட்கும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. பெரிய டாக்டரம்மா தினமும் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். சளி அடைத்தால் தையல் பிய்ந்துவிடும் என்பதால், மணிக்கணக்கு வைத்து உப்புத் தண்ணீரை ஊசிக்குழாயில் ஏற்றிக் கழுவி எடுக்க வேண்டும். நர்ஸ் இரண்டு முறை காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது முறையிலிருந்து அலமேலு செய்தாள். பந்தியில் நாற்றம் என்று சொன்னவள், கோழை கோழையாக வருவதைப் பாத்திரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, "இன்னிக்குத் தேவலீங்க" என்பாள். உனக்கு அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன். "நாத்தம் அடிக்குதுங்க. அதுக்கு என்ன பண்றது?" என்றாள்.

குழாய்களை எடுத்த பிறகு இன்னொரு புது எரிச்சல். ஒட்டுப்போட்ட பைக்கு முன்போல உணர்வு கிடையாது. நிறைந்தால் வயிறு கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அவசரம் ஒன்றைத் தவிர வேறு எதையும் அறியாதவளிடம், அவசரமே வராது, கடிகாரத்தைப் பார்த்துப் போ என்றால்? இப்போது பள்ளிக்கூட மணிதான் எனக்கும் மணி. பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு நான் எழுதிய மனுக்களைத் தனியாக ஒரு புத்தகம் போடலாம். குழாய் விடப் பழகிவிட்டேன். கிரியாட்டினின் ஏறின இடத்திலேயே நின்றுவிட்டது, மேலே போகவில்லை. இருக்கிற கிட்னியை வைத்து ஓட்டிவிடலாம் என்று பெரிய டாக்டரம்மா சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அண்ணன் வரவில்லை. விசேஷங்களில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போவார். விஷயம் இன்னதென்று என் கணவர் அவரிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். தன் மடத்தனம் வெளியே தெரிய வேண்டாமென்று கணவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அலமேலு, அண்ணன் தங்கைக்குள் நாம் ஏன் நுழைய வேண்டும் என்று இருந்துவிட்டாள். இப்படி வருடங்கள் ஓடின.

இந்த வருடம் அந்தச் செய்தி மறுபடி வந்தது. வெளிநாட்டில் சில பிள்ளைகளுக்கு அவர்களுடைய செல்லிலிருந்தே பை வளர்த்து வைத்து, வருடக்கணக்கில் கவனித்தும் பார்த்திருக்கிறார்களாம். படித்துவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கி எறிந்தேன். அவர்களுக்கு வளர்கிறது, எனக்குத் தழும்பு வளர்ந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் அண்ணன் நின்றார். கையில் அதே செய்தித்தாள். முடி நரைத்துப் போயிருந்தது. எங்கள் வீட்டில் அலமேலு பலாப்பழம் அறுக்க உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா கண்ணு?" என்றார் அண்ணன். குரலில் அத்தனை அவசரம். "இனிமே சொந்தக்காரங்க யாரும் குடுக்க வேண்டாமாமா. அவங்கவங்க உடம்புலருந்தே எடுத்து வளத்திக்கறாங்களாமா. இது அப்பவே வந்திருந்தா..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கைக்குப் பை தர மறுத்தவன் என்று இத்தனை வருடமும் இவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பவும் இதுதாண்ணா. இவருதான் தப்பாப் புரிஞ்சுட்டு வந்து கேட்டாரு. டாக்டருங்க யாருகிட்டயும் எதும் கேக்கவே இல்ல" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தேவையே இல்லாத ஒன்றைத்தான் மறுத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மனம் லேசாகும்தானே. அவர் முகம் இன்னும் இருண்டது.

"நான் பயந்துட்டேன் கண்ணு. ரெண்டு புள்ளைக இருக்குதேன்னு பயந்துட்டேன்."

அலமேலுதான் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"எனக்கும் ரெண்டு இருக்குதுங்க மாமா. நானும் பயந்துட்டேதான் பஸ் ஏறுனேன்."

அலமேலு பழத்தைப் பிளந்து, முதல் சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி அண்ணன் கையில் கொடுத்தாள்.